சியூ மர உருவங்கள்: ‘ஆவிப் பொம்மை’ என்று ஏலத்துக்கு வருபவற்றில் எது என்ன?

#1 தச்சன்மகள்

“சியூ ஆவிப் பொம்மை, 19-ஆம் நூற்றாண்டு, மரம்” என்ற தலைப்பில் ஏலத் தளங்களில் வரும் பொருள்களைப் பற்றி ஒரு கேள்வி. (சியூ என்பது வட அமெரிக்கப் புல்வெளிப் பூர்வகுடி மக்களுக்கு வழங்கும் பெயர்.) தலைப்பு ஒன்றாக இருந்தாலும் பொருள்கள் நாலு விதமாக இருக்கின்றன. கையடக்கமான மனித உருவம், குதிரைத் தலை செதுக்கிய நீளக் கோல், விளிம்பில் முகம் வைத்த மரக் கிண்ணம், முகங்களை அடுக்கி உச்சியில் பறவை வைத்த குட்டைத் தூண். இவை ஒரே மரபா? இவற்றில் எதைத்தான் ஆவி உருவம் என்று சொல்வது? மரத்தையும் கருவித் தடத்தையும் பூச்சையும் வைத்து ஏதாவது தேற்ற முடியுமா?

#2 ஏழுநெருப்பு

தூணை முதலில் தூக்கி வெளியே வைத்துவிடலாம். முகங்களை அடுக்கிய தூண் ஹைடா, சிம்ஷியான் போன்ற வடமேற்குப் பசிபிக் கரை மக்களுடையது. புல்வெளி மக்களோடு அதைச் சேர்த்தது சுற்றுலாக் கடைகள்தான். “சியூ கச்சினா” என்று எங்காவது வந்தால் அதுவும் இதே ரகம். கச்சினா என்ற மரப்பொம்மை அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்களின் மரபு.

அடுத்தது “சியூ” என்ற பெயர். ஒஜிப்வே மக்கள் வைத்த பெயரைப் பிரெஞ்சு வணிகர்கள் நீட்டி எழுத, அதன் வால் மட்டும் மிஞ்சியது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஓசெத்தி சகோவின், ஏழு அவை நெருப்புகள். கிழக்கே சான்ட்டி டக்கோட்டா நான்கு பிரிவுகள் (மிடேவகான்டன், வாப்பெகூட்டே, சிசெட்டன், வாப்பெட்டன்), நடுவில் யாங்க்டன், யாங்க்டனாய், மேற்கே லக்கோட்டா.

மர வேலைக்கு இந்தப் பிரிவினை ரொம்ப முக்கியம். கிழக்கத்தியர் மினசோட்டாவின் காடும் ஏரியும் கலந்த பூமியில் இருந்தவர்கள். மேப்பிள், பாஸ்வுட், ஆஷ் எல்லாம் கையெட்டும் தூரம். மிசூரி ஆற்றுக்கு மேற்கே போனால் ஆற்றோரக் காட்டன்வுட், ஓடைச் சரிவில் ஆஷ், மேட்டில் சிவப்பு சீடர், அவ்வளவுதான். அதனால் முழுமையாகக் குடைந்து செதுக்கிய உருவமும் கிண்ணமும் பெரும்பாலும் கிழக்கு. மேற்கில் மரம் என்றால் கையில் பிடித்தோ குதிரைமேல் வைத்தோ கொண்டுபோகக்கூடிய கோல், குழல், புகைக்குழாய்த் தண்டு. ஒரு பொருள் “லக்கோட்டா, பெரிய மேப்பிள் கிண்ணம்” என்று வந்தால் அங்கேயே ஒரு கேள்விக்குறி போடலாம்.

மேலே கேட்ட மற்ற மூன்றும் உண்மையான வகைகள்தான். ஆனால் மூன்றும் மூன்று வேலைக்கானவை.

#3 சொல்வேட்டை

“ஆவி” என்ற சொல்லே முதல் இடறல். தமிழில் ஆவி என்றதும் செத்தவர் ஞாபகம் வந்துவிடும். லக்கோட்டாவில் இதற்கு மூன்று சொற்கள் தனித்தனியாக உண்டு. நியா என்பது மூச்சு, உயிர்ப்பு. நகி என்பது உடலை விட்டுப் போகும் நிழல். வனகி என்றால் இறந்தவரின் நகி. சிச்சுன் என்பது வேறொன்றிலிருந்து ஒருவருக்கோ பொருளுக்கோ ஏறும் ஆற்றல். பைன் ரிட்ஜ் என்ற லக்கோட்டா ஒதுக்கிடத்தில் 1896 முதல் 1914 வரை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் வாக்கர், அங்கிருந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த குறிப்புகளில் இந்த வேறுபாடு விரிவாக வருகிறது.

ஆகவே ஒரு மர உருவத்தைப் பார்த்து “இதில் ஆவி இருக்கிறதா” என்று கேட்டால் கேள்வியே தப்பு. யாருடைய நகியை இது குறிக்கிறது, அல்லது எதனுடைய சிச்சுன் இதில் ஏற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். செதுக்கி முடித்த மரம் வெறும் மரம். உரியவர் உரிய சடங்கில் ஏற்றினால்தான் அது வேறாகிறது.

கையடக்க உருவத்தின் பெயர் சானோதிலா. முதலெழுத்தை “சட்டை”யில் வரும் ச போல அல்ல, “அச்சம்” என்பதில் வரும் ச்ச போல ஒலிக்க வேண்டும். சான் என்றால் மரம், பின்பகுதி அதனுள் குடியிருப்பது. “மரப்பேய்” என்று பெயர்த்திருப்பதைப் பார்த்தேன், பொருந்தவில்லை. மரத்துறைவோன் என்பது சொல்லுக்குச் சொல் சரி. பழந்தமிழில் மரத்திலும் மலையிலும் உறைவதாகச் சொல்லும் அணங்கு பொருளில் இன்னும் நெருங்கும், நல்லதும் செய்யும், வருத்தவும் செய்யும் என்பதால். ஆனால் அணங்கு என்றதும் பெண் உருவம் மனதில் வந்துவிடும் என்பதால் நான் மரத்துறைவோனையே வைத்துக்கொள்கிறேன்.

#4 ஏழுநெருப்பு

மரத்துறைவோன் காட்டில் வாழும் குள்ள உருவம். வேட்டைக்குப் போகிறவனை வழி தப்பவைக்கும். அவனுக்குத் தோன்றி ஒத்துப்போனால் வேட்டையும் மருந்தும் கைகூடும். டக்கோட்டா மரபில் அதன் உருவத்தைச் சிறியதாகச் செதுக்கி, உள்ளே குடைந்த மரத்துண்டில் வைப்பார்கள். அந்த உறைதான் அதன் வீடு, அடிமரத்தின் சிறு வடிவம். உருவம் தனியாக வந்தால் பாதிப் பொருள்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

செதுக்கல் எளியது. தலை பெரியது, முகத்தில் ஆழமில்லாத வெட்டுகள், கை உடலோடு ஒட்டியபடி. கை விரித்து, தசை காட்டி, முகபாவத்தோடு இருந்தால் அது பார்வைக்கு வைப்பதற்காகச் செய்தது.

இந்த உருவங்கள் டக்கோட்டா மக்களின் வக்கான் வாச்சிப்பி, அதாவது புனித ஆட்டத்தோடு தொடர்புடையவை. அது உறுப்பினர்களுக்கு மட்டுமான மருந்துச் சபை. நீருக்கடியில் வாழும் உங்க்டேஹி கொடுத்ததாக நம்பினார்கள். நீர்நாய் போன்ற விலங்கின் முழுத்தோல் பையை ஒருவர்மேல் ஒருவர் நீட்டி “எய்வது”, எய்யப்பட்டவர் விழுந்து மறுபடி எழுவது அதன் மையம். 1910களில் ஆலன்சன் ஸ்கின்னர் வாப்பெட்டன் மக்களிடம் இதைப் பதிவுசெய்து 1920-இல் வெளியிட்டார்.

இங்கேதான் பெரிய சிக்கல். மெனாமினி, பொட்டவாட்டமி, ஹோ-சங்க், ஒஜிப்வே மக்களிடமும் மருந்துச் சபை உண்டு, சிறு மர உருவமும் உண்டு. பொட்டவாட்டமிகளிடம் ஆணும் பெண்ணுமாகக் கட்டிவைக்கும் காதல் மருந்துப் பொம்மை இருக்கிறது. உருவத்தை மட்டும் பார்த்து “இது டக்கோட்டா” என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. யார், எந்த ஊரில், எந்த ஆண்டு வாங்கினார் என்ற குறிப்பு வேண்டும். அது இல்லாதபோது “பேரேரிப் பகுதி அல்லது கிழக்கு டக்கோட்டா” என்று எழுதுவதுதான் நேர்மை. “சியூ” என்று எழுதினால் விலை ஏறும், அதனால்தான் எழுதுகிறார்கள்.

#5 வெண்தேக்கு

கிண்ணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். விளிம்பில் இருக்கும் தலை பெரும்பாலும் இயா. ஊரையே விழுங்கும் பெருந்தீனி அரக்கன், இங்க்டோமி என்ற சிலந்தித் தந்திரக்காரனின் உடன்பிறப்பு. டக்கோட்டாவின் புனித விருந்துகளில் இலையில்... மன்னிக்கவும், கிண்ணத்தில் போட்டதை மீதி வைக்காமல் தின்று முடிக்க வேண்டிய கட்டாயம் உண்டு. எதிரே இயா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்ணுக்குப் பித்தளைக் குமிழ் ஆணி அடிப்பது வழக்கம்.

செய்முறை கிண்ணத்தின் மரத்திலிருந்தே தொடங்குகிறது. இது பலகையில் செய்வதல்ல, மரக்கழலையில் செய்வது. மேப்பிளிலோ ஆஷிலோ அடிமரத்தில் பிதுங்கி நிற்கும் கழலையை அறுத்தெடுப்பார்கள். கழலைக்குள் நார் ஒரு திசையில் ஓடாது, சுருண்டு ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். அதனால் 1 செ.மீ. கனத்துக்கு இழைத்தாலும் பிளக்காது. சாதாரணத் துண்டத்தில் அதே கனத்துக்குப் போனால் காயும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிக்கும்.

பச்சையாக இருக்கும்போதே குடைய வேண்டும். நெருப்புத் துண்டை நடுவில் வைத்து ஊதிக் கருக்கி, கருகியதைச் சுரண்டி, மறுபடி கருக்குவது பழைய முறை. விளிம்பு கருகாமல் இருக்க ஈரமண் பூசுவது உதவும். இரும்பு வந்தபின் வளைகத்தி. சுவரை முதலில் 2.5 செ.மீ. கனத்தில் விட்டு, சீவல் குவியலுக்குள் புதைத்துச் சில வாரம் மெல்லக் காயவிட்டு, பிறகு இறுதிக் கனத்துக்கு வர வேண்டும். வெயிலில் வைத்தால் கழலையும் முறுக்கிக்கொள்ளும். வட்டமாகக் குடைந்தது காய்ந்தபின் லேசாக நீள்வட்டமாவது இயல்பு. ஆக, பச்சை மரத்தில் செய்த பழைய கிண்ணம் அளவுகோல் வைத்தால் துல்லிய வட்டமாக இருக்காது. கடைசலில் கடைந்ததாகத் தெரியும் கிண்ணத்தின் உள்ளே ஒரே மையம் கொண்ட மெல்லிய வளையங்கள் இருக்கும். விரல் நகத்தால் தடவினாலே தெரியும்.

தலையைத் தனியாகச் செதுக்கி ஒட்டுவதில்லை. விளிம்பில் அதற்கான முண்டை விட்டுவிட்டு மீதியைக் குறைப்பதுதான் முறை. ஒட்டுக் கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

#6 தச்சன்மகள்

அருமை. குதிரைக் கோல்? ஏலங்களில் அதிகம் வருவது அதுதான்.

#7 ஏழுநெருப்பு

அதிகம் போலி வருவதும் அதுதான்.

போரில் காயப்பட்ட, செத்த குதிரைக்கு மரியாதையாகச் செய்து, வெற்றி ஆட்டத்திலும் வீரர் சபை ஆட்டத்திலும் கையில் ஏந்துவது. ஒரு முனையில் தலை, மறு முனையில் குளம்பு, இடையே மெலிந்த கோல். சிலவற்றில் கடிவாளத்திலிருந்து மயிர்க்கற்றை தொங்கும், எதிரியின் உச்சிமயிரைக் குறிக்க.

செய்தவர் பெயரோடு தெரிந்தவை ஜோசப் நோ டூ ஹார்ன்ஸ் (ஹே நுப்பா வனிச்சா, இரு கொம்பில்லாதவர்) செய்தவை. 1852-இல் பிறந்த ஹங்க்பப்பா லக்கோட்டா, ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கிடவாசி, 1942-இல் இறந்தார். 1876 ஜூனில் அமெரிக்கப் படையோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அவருடைய நீலச் சாம்பல் குதிரை ஏழு காயம் பட்டுச் செத்தது. அந்தக் குதிரையைப் பின்னாளில் பலமுறை செதுக்கினார், வரைந்தார். காயத்தைச் சிவப்பு முக்கோணமாக, அதிலிருந்து ரத்தம் வழிவதுபோலத் தீட்டுவது அவருடைய அடையாளம். வடக்கு டகோட்டா மாநில வரலாற்றுச் சங்கத்தில் அவருடைய வேலைகள் இருக்கின்றன.

இன்னொன்று தெற்கு டகோட்டாவின் பியர் நகரில், மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கும் பாயும் குதிரை. இதில் தலை மட்டுமல்ல, முழு உடல். கழுத்து நீட்டி, காது பின்னால் மடிந்து, வாய் திறந்து, கால்கள் முன்னும் பின்னும் பறக்க, உடலில் குண்டு துளைத்த ஓட்டைகளும் வழியும் சிவப்பும். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேரி காலின்ஸ் என்ற மிஷனரி சேகரித்தது. 1976-77-இல் லண்டனிலும் கான்சஸ் சிட்டியிலும் நடந்த பெரிய கண்காட்சியில் உலகம் பார்த்தது. அதற்குப் பின் வந்த போலிகளில் பாதி இதன் நகல்தான்.

#8 வெண்தேக்கு

கோலின் தச்சு வேலை. பயிற்சிக்கு ஏற்ற அளவு சொல்கிறேன், எந்த அசலின் அளவும் அல்ல: ஆஷ் பலகை, 90 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம். நார் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராக ஓட வேண்டும். அறுத்த பலகையைவிட ஆப்பு வைத்துப் பிளந்த பலகை நல்லது, நார் தானே வழி காட்டும். ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று காயவிடுவது பொதுக் கணக்கு. இரு வெட்டுமுனையிலும் மெழுகு பூசாமல் வைத்தால் முனையிலிருந்து விரல்நீளத்துக்கு வெடிப்பு ஓடும், அதை வெட்டி எறிய வேண்டியதுதான்.

உடைவது எங்கே என்றால், கழுத்தில். கழுத்தை வளைத்து வெட்டும்போது நார் குறுக்கே அறுபட்டுக் குட்டை நாராகிவிடும். ஒருமுறை கீழே விழுந்தால் அங்கேயே முறியும். பழைய கோல்களில் தலை ரொம்பத் தூக்காமல் கோலின் போக்கிலேயே முன்சாய்ந்து இருப்பதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல. தலையைச் செங்குத்தாகத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இயற்கையாகவே வளைந்த கிளைக்கவட்டில் வெட்ட வேண்டும்.

காதை மரத்தில் செதுக்கினால் நிற்காது. 2 மி.மீ. அகலத்தில் பிளவு வெட்டி, பதனிடாத தோலில் வெட்டிய காதை நுழைக்க வேண்டும். கண்ணுக்கான ஆணியை நேராக அடித்தால் ஆஷ் பிளந்துவிடும். ஆணித்தண்டைவிடச் சற்றுச் சிறிய துளையை முதலில் போட வேண்டும்.

பிடரிமயிருக்குக் கழுத்தின் மேல்விளிம்பில் 3 மி.மீ. துளைகள், 1.5 செ.மீ. இடைவெளியில். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் போட்டால் தபால்தலை கிழிவதுபோல அந்தக் கோட்டிலேயே மரம் பிளக்கும். ஒன்றை மேலே, அடுத்ததைக் கீழே என்று மாற்றிப் போடுங்கள். இருபது இருபத்தைந்து மயிரை இரட்டையாக மடித்து, நூல் கண்ணியால் இழுத்து, மறுபுறம் மரச்சிம்பு செருகி இறுக்கலாம்.

நிறத்தைக் குழைக்க வச்சிரப் பசை. ஒரு பங்கு பசைக்குப் பதின்மூன்று பதினான்கு பங்கு தண்ணீர், இரவு முழுக்க ஊறவைத்து, 60 டிகிரிக்கு மேல் போகாமல் சூடாக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். பசை கூடினால் பூச்சு செதிலாக உரியும், குறைந்தால் விரலில் ஒட்டும். மறுநாள் உலர்ந்த விரலால் தேய்த்துப் பாருங்கள். அக்காலச் சிவப்பில் ஒன்று சீனாவிலிருந்து காகிதப் பொட்டலத்தில் வந்த வெர்மிலியன், அதாவது பாதரசச் சேர்மம். நீங்கள் செங்காவியே வையுங்கள்.

#9 சொல்வேட்டை

> மூன்றும் மூன்று வேலைக்கானவை

இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் அண்ணா. குதிரைக் கோல் ஆவி உருவமே இல்லை. அது நினைவுப்பொருள். இன்ன குதிரை, இன்ன சண்டை, இத்தனை காயம் என்று ஆட்டத்தில் சொல்லிக்காட்டுவதற்கான சாட்சி. ஏலக்காரர் அதை “ஸ்பிரிட் ஹார்ஸ்” என்று எழுதியதும் அந்தக் குதிரையின் வரலாறே அழிந்துபோகிறது.

#10 ஏழுநெருப்பு

பாதி ஒப்புக்கொள்கிறேன் தம்பி. லக்கோட்டாவில் நினைவுக்கும் நகிக்கும் அவ்வளவு தடித்த சுவர் கிடையாது. செத்த குதிரையின் மயிரையே கோலில் சேர்ப்பதும் உண்டு. ஆனால் “ஆவியைக் குறிக்கும் மரம்” என்று கறாராகக் கேட்டால் நான் காட்டுவது குதிரையை அல்ல, ஆன்மக் கம்பத்தை.

இறந்தவரின் மயிர்க்கற்றையைப் பொதிந்து, தனிக் கூடாரத்தில் வைத்து, ஏறக்குறைய ஓராண்டு குடும்பத்தில் ஒருவர் அதைக் காப்பார். அந்தக் காலத்தில் அவர் கத்தி எடுக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது. விடுவிக்கும் நாளில் ஒரு கம்பத்தை நட்டு, முகம் தீட்டி, இறந்தவரின் உடையை அணிவித்து, உணவு படைத்து, பிறகு நகியை வழியனுப்புவார்கள். சேர்த்துவைத்த பொருளெல்லாம் அன்றே தானம். ஆலிஸ் பிளெட்சர் 1880களில் ஓக்லலா என்ற லக்கோட்டாப் பிரிவினரிடம் இதைப் பார்த்து எழுதினார். 1890-இல் அரசு இந்தச் சடங்கைத் தடைசெய்தது. காத்துவைத்த ஆன்மாக்களையெல்லாம் ஒரு குறித்த நாளுக்குள் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு! அலுவலகக் காலக்கெடு ஆன்மாவுக்கும் வந்தது.

கம்பம் சடங்கோடு முடிந்துவிடும் பொருள். அலமாரியில் வைக்கச் செய்ததே அல்ல. அதனால் “19-ஆம் நூற்றாண்டு ஆன்மக் கம்பம்” என்று யாராவது விற்றால் அது போலி அல்லது திருட்டு. மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு குழப்பமும் வருவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூரிய ஆட்டம் என்ற சடங்கில் நடும் காட்டன்வுட் மரத்தில் தொங்கும் மனிதன், எருமை உருவங்கள் பதனிடாத தோலில் வெட்டியவை. அவை மரச் செதுக்கல் அல்ல.

#11 அருங்காட்சி

பழசா புதுசா என்பதற்கு வருகிறேன். எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது, நாலைந்து ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள்.

பித்தளைக் குமிழ் ஆணி: பழைய வணிக ஆணி, தலையும் தண்டும் ஒரே வார்ப்பு. தண்டு சதுரமாகக் கூர்த்துப் போகும். பிந்தியவற்றில் தலை மட்டும் பித்தளைத் தகடு, தண்டு இரும்புக் கம்பி. காந்தத்தை ஒட்டாமல் அருகில் காட்டினாலே தெரிந்துவிடும்.

புறஊதா விளக்கு, 365 நானோமீட்டர், இருட்டறை: நூலோ துணியோ நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அதில் சலவை வெண்மையூக்கி இருக்கிறது, அது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பின் பரவியது. வெள்ளைப் பூச்சில் டைட்டானியம் இருந்தால் 1920-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. இதற்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வேண்டும்.

தசைநார் நூல்: உண்மையானது லென்ஸில் இழை இழையாகப் பிரியும், நீளத்தில் கனம் மாறும், முனை மெலியும். செயற்கை நாரென்றால் மெழுகேறிய தட்டை நாடா, கடைசிவரை ஒரே அகலம். எரித்துப் பார்க்கச் சொல்லும் அறிவுரையைப் பொருளின்மேல் முயற்சி செய்யாதீர்கள்.

தேய்மானம்தான் என் முதல் சாட்சி. கையில் பிடித்து ஆடிய கோலில் பிடிக்கும் இடத்தில் மட்டும் மேடுகள் மழுங்கி எண்ணெய்ப் பளபளப்பு ஏறியிருக்கும். குழிகளில் பழைய நிறம் நிற்கும், மேடுகளில் போயிருக்கும். போலியில் அப்படி இருக்காது: தேயிலைத் தண்ணீரோ செருப்புப் பாலிஷோ தேய்த்ததால் எல்லா இடமும் ஒரே கருமை. துளைக்குள் பாருங்கள். வெளியே நூறு வயது, உள்ளே நேற்று அறுத்த வெள்ளை மரம் என்றால் விஷயம் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய சேகரிப்புகளில் பூச்சி வராமல் ஆர்செனிக்கும் பாதரசக் குளோரைடும் தூவினார்கள். மயிரும் தோலும் உள்ள பொருளில் அது இன்னும் இருக்கும். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூசியை ஊதாதீர்கள். உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்த பொருள் சடங்கில் கைக்கும் வாய்க்கும் வரும்போது இதுவே பெரிய தலைவலி.

#12 வெண்தேக்கு

காந்தம் பற்றி ஒரு திருத்தம். இரும்புத் தண்டு ஆணி 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. நோ டூ ஹார்ன்ஸ் 1942 வரை இருந்தவர். காந்தம் இழுத்தால் “1850 அல்ல” என்று சொல்லலாம், “போலி” என்று சொல்ல முடியாது.

#13 அருங்காட்சி

சரிதான். 1850 என்று விற்பவரிடம்தான் அந்தச் சோதனை செல்லும்.

#14 ஏலக்கணக்கு

சட்டப் பக்கம் சுருக்கமாக. அமெரிக்காவில் 1990-இன் கல்லறை மற்றும் பண்பாட்டுப் பொருள் மீட்புச் சட்டம், கூட்டாட்சி நிதி வாங்கும் அருங்காட்சியகங்களைப் பட்டியல் கொடுத்துத் திருப்பவைக்கிறது. 2024 ஜனவரியில் வந்த புதிய விதிப்படி புனிதப் பொருளைக் காட்சிக்கு வைக்கவே உரியவர்களின் சம்மதம் வேண்டும். தனியார் சேகரிப்பு இந்தத் திருப்பும் கடமைக்குள் வராது, ஆனால் சட்டத்தை மீறி எடுத்ததை விற்றால் குற்றம். 2022 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் சட்டம் இப்படிப்பட்ட பொருள்கள் நாட்டை விட்டு வெளியே போவதைத் தடுக்கிறது. வெளிநாட்டு ஏலத்துக்குப் போய்விட்டால் பிடிக்க முடியாது என்ற ஓட்டையை அடைக்க வந்தது.

கழுகு இறகு இருந்தால் தனி வழக்கு. 1940 சட்டப்படி வெண்தலைக் கழுகின் இறகை விற்கவோ வாங்கவோ முடியாது, 1962 முதல் பொன்னிறக் கழுகும் சேர்ந்தது. புதிதாகச் செய்து “சியூ கைவினை” என்று பூர்வகுடி அல்லாதவர் விற்றால் 1990-இன் கைவினைச் சட்டம்: தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை.

தானாக முன்வந்து திருப்புவதும் நடக்கிறது. கிளாஸ்கோ அருங்காட்சியகம் பேயாட்டச் சட்டையை (பேயாட்டம் என்ற சமய ஆட்டத்தில் அணிந்தது) 1999-இல் லக்கோட்டாக்களிடம் கொடுத்தது. மாசசூசெட்ஸின் பாரே ஊர்ச் சிற்றருங்காட்சியகம் 2022 நவம்பரில் ஏறத்தாழ 150 பொருள்களைத் திருப்பியது.

#15 சொல்வேட்டை

அப்படியானால் வெண்தேக்கு சொன்ன பயிற்சிக் கோல்?

#16 வெண்தேக்கு

விற்காமல், கை பழகச் செய்வது கோலும் கிண்ணமும் வரை போதும். மரத்துறைவோனையும் ஆன்மக் கம்பத்தையும் நகல் எடுக்க மாட்டேன். அவற்றில் தச்சுக்குக் கற்றுக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை.

உண்மையான வேலையைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் குழல் வாங்குங்கள். சியோதங்கா என்ற காதல் குழல், செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பெயரோடு விற்கிறார்கள். சிசெட்டன்-வாப்பெட்டன் டக்கோட்டாவான பிரையன் அகிப்பா 2016-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றவர். சிவப்பு சீடர் கட்டையை நெடுகப் பிளந்து, இரு பாதியையும் குடைந்து, மறுபடி ஒட்டிக் கட்டுவது முறை. மேலே காற்றுவழியின்மீது கட்டிவைக்கும் சிறு கட்டைக்கு “பறவை” என்று பெயர், அதைக் குதிரையாகவோ பறவையாகவோ செதுக்குவார்கள். முனை வாய் திறந்த பறவைத் தலை. பறவைக்கட்டை முன்னுக்கோ பின்னுக்கோ ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒலி கிழியும், அடியில் இடைவெளி இருந்தால் ஊதும் காற்றெல்லாம் சீறலாகப் போகும். குழலில் உள்ள செதுக்கல் அலங்காரம் மட்டுமல்ல என்பது ஊதிப் பார்த்தால் தெரியும்.

ஆஷ் மரம் பற்றி ஒன்று. மரகதத் துளைப்பான் என்ற வண்டு 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது, 2018-இல் தெற்கு டகோட்டாவின் சியூ பால்ஸ் வரை வந்துவிட்டது. வண்டு பட்ட மரத்தின் பட்டைக்கடியில் பாம்புபோல நெளிந்த தடம் இருக்கும். அந்தப் பூச்சி உள்மரத்தைத் தின்பதில்லை, ஆனால் செத்து நின்ற ஆஷ் சீக்கிரம் நொறுங்குத்தன்மைக்கு வந்துவிடும். அதில் கழுத்து வெட்டினால் உளி படும்போதே போய்விடும்.

#17 தச்சன்மகள்

இப்போது ஓர் அறிவிப்பைச் சோதித்துப் பார்க்கலாமா? “சியூ மரத்துறைவோன், சுமார் 1850. உயரம் 41 செ.மீ. காட்டன்வுட். கண்ணில் பித்தளை ஆணி. சதுரப் பீடம். தலையில் இறகு. பழைய தனியார் சேகரிப்பு.” படத்தில் உடல் முழுக்கச் சீரான பழுப்பு.

#18 ஏழுநெருப்பு

உறைக்குள் இருக்க வேண்டியவருக்குப் பீடம் எதற்கு? 41 செ.மீ. உருவத்துக்குக் குடைந்த மர உறை வேண்டுமென்றால் அதைத் தூக்கவே ஆள் வேண்டும். காட்டன்வுட் சமவெளி ஆற்று மரம். உருவமோ கிழக்குக் காட்டு மரபு. அமெரிக்க அரசோடு டக்கோட்டாக்கள் நடத்திய 1862 போருக்குப் பின், மினசோட்டாவின் மான்கேட்டோவில் 38 பேரைத் தூக்கிலிட்டு, அடுத்த ஆண்டு டக்கோட்டாக்களை மினசோட்டாவிலிருந்து விரட்டிய பிறகு காட்டன்வுட்டில் செய்ய நேர்ந்தது என்று ஒருவர் வாதிடலாம். அப்போது 1850 என்ற தேதி போய்விடும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

#19 அருங்காட்சி

விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: பீடத்தின் அடிப்பக்கப் படம், விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து எடுத்தது. வட்ட ரம்பத்தின் பிறைத்தடமோ மின்துளைப்பான் உருட்டிய குழியோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். ஓர் ஆணியின் தண்டு தெரியும்படி ஒரு படம், கழற்றச் சொல்லாமல், ஏற்கெனவே தளர்ந்த ஆணி இருந்தால் மட்டும். இறகு செருகிய துளையின் உட்புறம். இறகு எந்தப் பறவை என்று எழுத்தில். கழுகு என்று பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.